லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, மெஷினில் இல்லை

காரைக்குடியைச் சுற்றிக் கதவும் நிலையும் தூணும் செய்கிற பட்டறைகளில், கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரத்தைச் செதுக்குகிற, சொந்தமாகக் கட்டிய சிஎன்சி மெஷின்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். இரும்பு பிரேம், படிப்படியாகச் சுழலுகிற மூன்று ஸ்டெப்பர் மோட்டார், மரத்தைக் குடைய கையால் பிடித்து ஓட்டுகிற ரூட்டர் ஒன்றைக் கிளாம்ப் போட்டு மாட்டியிருப்பார்கள். வயரிங் வேலைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். மெஷினின் உடம்பில் பெரும்பாலும் குறை இருக்காது, ஆசாரிமார் கைக்கணக்கு அப்படி. "அண்ணே, பழைய கம்ப்யூட்டர் போயிருச்சு, புது லேப்டாப்பை இதில் மாட்டித் தரணும்" என்பதுதான் வழக்கமாக வரும் அழைப்பு.

பழைய டெஸ்க்டாப்பின் முதுகில் 25 பின் பிரிண்டர் போர்ட் இருந்தது. மெஷினை ஓட்டுகிற மாக்3 மாதிரி மென்பொருள் அந்தப் பின்களை நேரடியாக ஆட்டித்தான் மோட்டாரை ஓட்டியது. புது லேப்டாப்பில் அந்த போர்ட் கிடையாது. அதனால் யுஎஸ்பியிலிருந்து பிரிண்டருக்குப் போகும் கேபிள் ஒன்றை வாங்கி வந்துவிடுகிறார்கள். டிரைவர் ஏறிவிட்டதாக லேப்டாப்பும் சொல்லும், மெஷின் மட்டும் வேலை செய்யாது. அந்தக் கேபிளுக்குப் பிரிண்டரோடு பேச மட்டும்தான் தெரியும். ஒவ்வொரு பின்னையும் நேரம் பிசகாமல் தனித்தனியே ஆட்ட அதனால் முடியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.8 டிகிரி மோட்டாருக்கு ஒரு சுற்று 200 ஸ்டெப். மோட்டார் டிரைவர் போர்டில் ஒரு ஸ்டெப்பை எட்டாகப் பிரிக்கிற 8 மைக்ரோஸ்டெப் வைத்து, ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிற பால் ஸ்க்ரூ போட்டால், ஒரு மில்லிமீட்டருக்கு 320 பல்ஸ், அதாவது மின்துடிப்பு. நிமிடத்துக்கு 1,000 மி.மீ. வேகம் என்றால் வினாடிக்கு 5,300-க்கும் மேல். அடுத்தடுத்த இரண்டு பல்சுக்கு நடுவே 0.2 மில்லிசெகண்ட்கூட இல்லை. யுஎஸ்பியோ தகவலை மில்லிசெகண்ட் கணக்கில் பொட்டலம் பொட்டலமாக அனுப்புகிற ஏற்பாடு. பல்ஸ் நாலு தப்பினால் கொடிக்கருக்கு வேலைப்பாட்டின் வளைவு பிசிறிவிடும்.

பழைய மாக்3-ஐ அப்படியே ஏற்றலாமே என்று கேட்பார்கள். அதன் பிரிண்டர் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. விண்டோஸ் 11-இல் 32 பிட் பதிப்பே இல்லை. அந்த வழி அடைபட்டுவிட்டது.

ஆகவே பல்ஸ் அடிக்கிற வேலையை லேப்டாப்பிடமிருந்து எடுத்துவிட வேண்டும். ஆர்டுயினோ உனோ என்ற சிறு கன்ட்ரோல் போர்டில் ஜிஆர்பிஎல் என்ற மென்பொருளை ஏற்றினால் வினாடிக்கு 30,000 பல்ஸ் வரை சீராக வரும், மரவேலைக்கு அது தாராளம். லேப்டாப் ஜி-கோடை, அதாவது எங்கே நகர வேண்டும் என்கிற கட்டளைகளை, வரிவரியாக அனுப்பினால் போதும், அதற்கு கேண்டில், யுனிவர்சல் ஜிகோட் சென்டர் போன்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. மாக்3 பழகிய கை என்றால் அதற்கென்றே பல்ஸ் அடிக்கிற மோஷன் கார்டுகள் கிடைக்கும். அவற்றில் ஈதர்நெட் வகையைத்தான் நான் சிபாரிசு செய்வேன். ஈதர்நெட்டில் இரு முனையிலும் டிரான்ஸ்ஃபார்மர் பிரிப்பு இருப்பதால், ரூட்டரின் மின் இரைச்சல் லேப்டாப்புக்குள் அவ்வளவு எளிதில் நுழையாது.

யுஎஸ்பியில் அந்தப் பாதுகாப்பு இல்லை. கார்பன் பிரஷ் ரூட்டரை ஆன் செய்த நொடியில் இணைப்பு அறுந்துபோவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பழைய வீட்டின் பின்கட்டில், எர்த் இல்லாத பிளக்கில் ஓடுகிற பட்டறைகளில் இது இன்னும் அதிகம். முதலில் எர்த்தைச் சரிசெய்யுங்கள். கேபிள் குட்டையாக, ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும், ரூட்டர் வயரோடு சேர்த்துக் கட்ட வேண்டாம். முடிந்தால் இரு பக்க மின்தொடர்பைப் பிரிக்கிற யுஎஸ்பி ஐசோலேட்டர் ஒன்றைப் போடுங்கள். மரத்தூள் உறிஞ்சுகிற பிளாஸ்டிக் குழாயும் நிலைமின்சாரத்தைச் சேர்த்துவைத்துப் போர்டை ரீசெட் செய்யும். குழாய்க்குள் வெறும் செம்புக் கம்பி ஒன்றை ஓட்டி எர்த்தில் சேர்த்தால் நின்றுவிடும். அப்புறம், லேப்டாப்பில் ஸ்லீப், மூடியை மூடினால் அணைவது, யுஎஸ்பிக்கு மின்சாரத்தை நிறுத்துகிற சிக்கன அமைப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

இது வரைக்கும் மரம்தான் வீணாகும். இனிச் சொல்வது கையைப் பற்றியது.

டெஸ்க்டாப் இருந்தபோது கரண்ட் போனால் எல்லாம் ஒன்றாக அணையும். லேப்டாப் அணையாது. உனோ போர்டு யுஎஸ்பியிலிருந்தே 5 வோல்ட் எடுத்துக்கொள்வதால் அதுவும் விழித்திருக்கும். நிற்பது மோட்டார் சப்ளையும் ரூட்டரும் மட்டும். திரையில் மெஷினின் இடத்தைக் காட்டும் எண்கள் ஓடிக்கொண்டே இருக்கும், நகராத மோட்டாருக்குப் போர்டு பல்ஸ் அடித்துக்கொண்டே இருக்கும். பக்கத்தில் நிற்பவர் மெஷின் நின்றுவிட்டது என்று நினைத்துத் தூளைத் தட்டக் கையை உள்ளே விடுவார். அந்த நேரத்தில் கரண்ட் வந்தால், சுவிட்ச் ஆனிலேயே கிடக்கிற ரூட்டர் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழல ஆரம்பிக்கும். மோட்டார்களும் கிளம்பும், அதுவும் தப்பான இடத்திலிருந்து. நடுவில் ரூட்டரின் வெட்டுமுனையான பிட்டைத் தூக்கச் சொன்ன கட்டளை வீணாகப் போயிருந்தால், செதுக்கி முடித்த பூவின் மேலேயே கோடு இழுத்துக்கொண்டு போகும்.

இதற்கு மருந்து கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் ஏற்கெனவே இருக்கிறது. கரண்ட் போனதும் விழுந்து, திரும்ப வந்தாலும் பச்சைப் பட்டனை ஆள் அழுத்தும்வரை எழாத காண்டாக்டர் என்ற காந்தச் சுவிட்ச். ரூட்டர், மோட்டார் சப்ளை இரண்டையும் அதன் வழியாகவே கொடுங்கள். காளான் தலை எமர்ஜென்சி பட்டனை அதன் காந்தச் சுருளுக்குப் (காயில்) போகும் லைனில் போடுங்கள். காண்டாக்டர் விழும்போது மூடுகிற துணைக் காண்டாக்ட் ஒன்றைப் போர்டில் ஓட்டத்தை நிறுத்துகிற அபார்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே இணைத்தால், ஓட்டத்தின் நடுவில் கரண்ட் போனதும் ஜிஆர்பிஎல் அலாரம் என்கிற பூட்டிய நிலைக்குப் போய் எண்ணுவதை நிறுத்திவிடும். பிறகு மெஷினைத் தொடக்க இடத்துக்குக் கொண்டுபோய் (ஹோம் செய்து), பூஜ்யத்தைப் புதிதாக வைத்துத்தான் சரியான இடத்திலிருந்து தொடர முடியும். அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

திரையில் இருக்கும் ஸ்டாப் பட்டனை அவசரத்துக்கு நம்பாதீர்கள். இடித்த வீட்டிலிருந்து வந்த பர்மா தேக்கில் பழைய ஆணி எங்கே புதைந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பிட் அதில் மாட்டிக் கத்தும்போது மவுசைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை.

வேலையை ஒப்படைக்கும் முன்பு, பிட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஃபைலை வெறுங்காற்றில் ஓட்டுவேன். பாதியில் மெயினை அணைப்பேன். திரையில் எண் நிற்க வேண்டும், மெயினைப் போட்டால் ரூட்டர் அசையக்கூடாது, பச்சையை அழுத்தினாலும் அலாரம் போகக்கூடாது. மூன்றில் ஒன்று தவறினாலும் பலகையை ஏற்ற விடமாட்டேன், பேனலைத் திறந்து வயரிங்கை மறுபடி பார்ப்பேன்.