121 தோல்விகளின் கணக்கு

2024 செப்டம்பர் கடைசி வாரத்தில், சிகாகோ ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் தங்கள் அணி தோற்பதைப் பார்க்கவென்றே டிக்கெட் எடுத்து மைதானத்துக்கு வந்திருந்தார்கள். அதுவரை அந்த அணி 120 ஆட்டங்களில் தோற்றிருந்தது. 1962இல் நியூயார்க் மெட்ஸ் அணி தொட்ட அதே எண்ணிக்கை. இன்னும் ஒன்றில் தோற்றால், 1900க்குப் பிறகு ஒரே சீசனில் இவ்வளவு தோற்ற அணி அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டியான மேஜர் லீகில் வேறு கிடையாது என்றாகிவிடும். அணியோ ஏஞ்சல்ஸ் அணிக்கு எதிரான மூன்று ஆட்டங்களையும் வென்று, வரலாற்றைக் காண வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பியது. 27ஆம் தேதி டெட்ராய்டில் 4-1 என்று தோற்ற பிறகுதான் சாதனை வந்து சேர்ந்தது. மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களிலும் மீண்டும் வெற்றி. ஆக, 41 வெற்றி, 121 தோல்வி. கடைசி ஆறு ஆட்டங்களில் ஐந்தை வென்ற அணிதான் நவீன பேஸ்பாலில் மிக அதிகம் தோற்ற அணி.

பேஸ்பாலில் இது எவ்வளவு அரிது என்பதற்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. ஒரு சீசனில் 162 ஆட்டங்கள்; எந்த அணியும் 54 ஆட்டங்களை எப்படியும் வெல்லும், 54 ஆட்டங்களை எப்படியும் தோற்கும், மீதி 54இல் என்ன செய்கிறது என்பதே கேள்வி என்பார்கள். ஒயிட் சாக்ஸ் முதல் 54ஐக்கூட எட்டவில்லை. இத்தனைக்கும் மூன்று ஆண்டுகளுக்கு முன், 2021இல், 93 ஆட்டங்களை வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. வீரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தை மறந்துவிட்டார்களா? இல்லை. தனித்தனியாகப் பார்த்தால் சிறியதாகத் தெரியும் குறைகள் ஒன்றோடொன்று பெருக்கிக்கொள்வதால் வரும் வினை இது.

மட்டையாட்டத்திலிருந்து தொடங்கலாம். மைதானத்தில் மூன்று தளங்களைத் தொட்டுவிட்டு வீட்டுத் தளத்துக்குத் திரும்பினால்தான் ஒரு ரன். மட்டையாளர் அவுட் ஆகாமல் ஏதாவது ஒரு தளத்தை அடைவது எத்தனை சதவீதம் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 2024இல் லீகின் சராசரி 31.2 சதவீதம். ஒயிட் சாக்ஸுக்கு 27.8. மூன்றரை சதவீதம்கூட வித்தியாசமில்லை. மைதானத்தில் உட்கார்ந்து ஒரு நாள் ஆட்டத்தைப் பார்ப்பவருக்கு இது கண்ணில் படாது. ஆனால் பேஸ்பாலில், பந்தை மைதானத்துக்கு வெளியே அடித்து எல்லாத் தளங்களையும் சுற்றிவரும் ஹோம்ரன் அடித்தால் ஒழிய, ஒருவர் மட்டும் தளத்தை அடைந்து பயனில்லை. அடுத்தடுத்து வருபவர்கள் அவரை நகர்த்தி வீட்டுத் தளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் மூன்று அவுட் ஆகிவிட்டால் தளத்தில் நிற்பவர்கள் நின்றபடியே திரும்ப வேண்டியதுதான். அடுத்தடுத்து மூன்று பேர் தளத்தை அடையும் வாய்ப்பைக் கணக்கிட 0.312ஐ மூன்று முறை பெருக்குங்கள்: ஏறத்தாழ 3 சதவீதம். 0.278ஐப் பெருக்கினால் 2.15 சதவீதம். தனிமனிதர் அளவில் 11 சதவீதமாக இருந்த பின்னடைவு, மூவர் சேர்ந்தவுடன் 29 சதவீதமாகிவிட்டது. ஹோம்ரன் அடித்தாவது இதை ஈடுகட்டியிருக்கலாம். அதிலும் லீகிலேயே கடைசி, 133தான். சீசன் முழுக்க எடுத்த ரன்கள் 507. விட்டுக்கொடுத்தவை 813.

இந்த இரண்டு எண்களை வைத்தே ஓர் அணி எத்தனை ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும் என்று மதிப்பிட முடியும். பில் ஜேம்ஸ் என்ற பேஸ்பால் புள்ளியியலாளர் கண்டுபிடித்த சூத்திரம் இது. எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்தவை, விட்டவை இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். பித்தாகரஸ் தேற்றத்தை நினைவூட்டுவதால் அவர் பெயரையே சூட்டிவிட்டார்கள். முக்கோணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒயிட் சாக்ஸின் எண்களைப் போட்டால் 28 சதவீதம் வருகிறது. 162 ஆட்டங்களில் 45 வெற்றி. உண்மையில் கிடைத்தது 41. நான்கு ஆட்டங்கள் எங்கே போயின?

பெரும்பாலும் அதிர்ஷ்டத்தில் போயின என்பதே நேர்மையான பதில். 45 வெற்றிக்குத் தகுதியான ஓர் அணியை ஒரே சீசனைப் பல முறை ஆடவைத்தால், முடிவு ஒவ்வொரு முறையும் ஐந்தாறு ஆட்டங்கள் மேலும் கீழுமாக விழும். ஒரு ரன் வித்தியாசத்தில் தோற்பதும் பத்து ரன்னில் வெல்வதும் எந்த நாளில் வந்து விழுகிறது என்பதில் திறமைக்குப் பெரிய பங்கில்லை.

ஒரே ஓர் ஆட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும். 2025 மே 10 அன்று டென்வரில் கொலராடோ ராக்கீஸ் அணி சான் டியாகோவிடம் 21-0 என்று உதை வாங்கியது. புள்ளிப்பட்டியலில் அது ஒரு தோல்வி. 1-0 என்று தோற்றிருந்தாலும் அதே ஒரு தோல்வி. மறுநாள் ராக்கீஸ் வென்றது; அன்றே மேலாளரை வேலையைவிட்டு நீக்கினார்கள். அந்த சீசனில் ராக்கீஸ் எடுத்தது 597 ரன், விட்டது 1021. கழித்துப் பார்த்தால் 424 ரன் பற்றாக்குறை. ஒயிட் சாக்ஸின் பற்றாக்குறை 306தான். டென்வர் கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி குறைவு, பந்து அதிக தூரம் பறக்கும், இரு தரப்புக்கும் ரன் குவியும் என்று ஆட்சேபிக்கலாம். நியாயமான ஆட்சேபணை. ஆனால் ஜேம்ஸின் சூத்திரம் ரன்களின் விகிதத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கிலும் ராக்கீஸுக்கு 41 வெற்றிதான் வருகிறது. வென்றதோ 43. ஆக, இரண்டில் மோசமான அணி ராக்கீஸ். சாதனைப் புத்தகத்தில் இருப்பது ஒயிட் சாக்ஸ்.

1962இன் மெட்ஸுக்கும் இதே கதி. 617 ரன் எடுத்து 948 விட்ட அந்தப் புதிய அணி 48 ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும், 40தான் வென்றது. 2003இல் 119 முறை தோற்ற டெட்ராய்ட் டைகர்ஸுக்கு 47 கிடைத்திருக்க வேண்டும், கிடைத்தது 43. இதில் மர்மம் எதுவுமில்லை. மோசமாக ஆடிய பல அணிகளில் எவை கடைசியோ கடைசி என்று தேடினால், மோசமாக ஆடியதோடு துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்ட அணிகளே அகப்படும். திறமை மட்டும் குறைந்தவை பட்டியலில் நாலு படி மேலே ஒதுங்கியிருக்கும்.

தொடர் தோல்விக்கு வருவோம். 2024 ஜூலை 10 முதல் ஆகஸ்ட் 5 வரை ஒயிட் சாக்ஸ் 21 ஆட்டங்களை வரிசையாகத் தோற்றது. 6ஆம் தேதி ஓக்லாந்தில் 5-1 என்று வென்று மீண்டது. மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகில் 1988இன் பால்டிமோர் அணி மட்டுமே இத்தனை நீண்ட தொடர் தோல்வியைக் கண்டிருந்தது. இப்படி ஒரு சரிவு வந்தால் மனம் உடைந்துவிட்டது, ஓய்வறையில் பிளவு என்றெல்லாம் எழுதுவது வழக்கம். இருக்கலாம். அதற்கு முன் பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்ப்பது நல்லது. ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லவும் தோற்கவும் சம வாய்ப்புள்ள அணி, ஒரு சீசனில் 21 தொடர் தோல்வியைச் சந்திக்க ஏறத்தாழ 29,000த்தில் ஒரு வாய்ப்பு. தோற்கும் வாய்ப்பு 60 சதவீதமானால் 800இல் ஒன்று. 75 சதவீதமானால் பன்னிரண்டில் ஒன்று. மனச்சோர்வு, சாபம் எதுவும் தேவையில்லை. நான்கில் மூன்று ஆட்டம் தோற்கும் அணி போதும். ஆனாலும் தொடர் முடிந்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 8 அன்று, மேலாளர் பெட்ரோ கிரிஃபோலை அனுப்பிவிட்டார்கள். யாரையாவது அனுப்பத்தானே வேண்டும்.

அந்த அணியில் நல்ல ஆட்டக்காரரே இல்லை என்றும் சொல்ல முடியாது. கேரட் குரோஷே என்ற இடக்கைப் பந்து வீச்சாளர் 146 இன்னிங்ஸில் 209 பேரைப் பந்தைத் தொடவிடாமலே அவுட் ஆக்கி (ஸ்டிரைக் அவுட்), சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அவர் கணக்கில் 6 வெற்றி, 12 தோல்வி. தொடக்க வீச்சாளருக்கு ஐந்து நாளுக்கொரு முறைதான் முறை வரும். அந்த ஆண்டுதான் முதன்முறையாகத் தொடக்க வீச்சாளராக ஆடியதால், கை கெடாமலிருக்க ஜூலைக்குப் பிறகு அவரை நான்கு இன்னிங்ஸுக்குள் நிறுத்திவிடுவார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்; மிச்ச ஐந்தை வீசியவர்களால் முன்னிலையைக் காப்பாற்ற முடியவில்லை. கிரிக்கெட்டில் ஒரே ஆள் நின்று ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திவிடலாம். பேஸ்பாலில் மட்டையாட்ட வரிசை ஒன்பது பேருக்கும் மாறி மாறிச் சுற்றும், சிறந்த மட்டையாளரும் முறை வரும்வரை பெஞ்சில்தான் உட்கார வேண்டும்.

புள்ளியியலாளர்கள் இன்னொரு அளவுகோலும் வைத்திருக்கிறார்கள். குறைந்தபட்சச் சம்பளத்தில் கீழ்நிலை லீகுகளிலிருந்து எந்த நேரமும் வரவழைக்கக்கூடிய வீரர்களைக் கொண்டே ஓர் அணி அமைத்தால் அது எத்தனை ஆட்டம் வெல்லும்? 29.4 சதவீதம், சுமார் 48 ஆட்டம் என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒயிட் சாக்ஸ் அதற்கும் ஏழு ஆட்டம் கீழே.

இங்கேதான் நிர்வாகத்தின் பங்கு வருகிறது. தோற்கும் அணி, எதிர்காலத்துக்கென்று இளம் வீரர்களை வாங்கிக்கொண்டு, கையில் இருக்கும் நல்லவர்களை விற்கிறது. சீசன் தொடங்குவதற்கு முன்பே முன்னணி வீச்சாளர் டிலன் சீஸ் சான் டியாகோவுக்குப் போனார். ஜூலை இறுதியில் எரிக் ஃபெடி, மைக்கேல் கோபெக், டாமி ஃபாம் மூவரையும் ஒரே பேரத்தில் கொடுத்தார்கள். கோபெக் அந்த ஆண்டே டாட்ஜர்ஸ் அணியோடு மேஜர் லீகின் இறுதித் தொடரான உலகத் தொடரை வென்றார். விற்ற பின் அணி இன்னும் பலவீனமாகிறது. பலவீனமானதால் இன்னும் தோற்கிறது. ஐரோப்பியக் கால்பந்தில் கடைசி இடத்துக்கு வந்தால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள் என்ற பயம் உண்டு. மேஜர் லீகில் அந்தப் பயமே இல்லை. மாறாக, அதிகம் தோற்றால் அடுத்த ஆண்டு புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் வரிசையில் முன்னிடம் கிடைத்துவந்தது.

இந்த ஆசையைக் குறைக்கத்தான் 2022 ஒப்பந்தத்தில் முதல் ஆறு இடங்களுக்குக் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தார்கள். கூடவே ஒரு விதி: வருவாய்ப் பகிர்வில் மற்ற அணிகளுக்குப் பணம் கொடுக்கும் வசதியான அணி, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகள் குலுக்கல் இடத்தைப் பெற முடியாது, பத்தாவது இடத்துக்கு மேலே ஏறவும் முடியாது. சிகாகோ பெருநகரம், ஒயிட் சாக்ஸ் அந்த வகை அணி, 2024இல் ஏற்கெனவே ஐந்தாவது இடத்தில் ஒருவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. 121 தோல்விக்குப் பிறகு 2025 ஜூலையில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். அந்த சீசனில் 60 ஆட்டங்களை வென்று 102இல் தோற்றது.