வாசலை மூடிய நெடுஞ்சாலை

நாலு ரோடு கூடும் ஒரு சாதாரண முனையில் வண்டியும் வண்டியும் மோதிக்கொள்ள 32 புள்ளிகள் இருக்கின்றன. சாலைப் பொறியாளர்கள் படம் போட்டு எண்ணிவைத்த கணக்கு இது. ஓட்டலுக்குள் திரும்பும் கார், பெட்ரோல் பங்கிலிருந்து ரோட்டில் ஏறும் லாரி என்று ஓரத்து வாசல் ஒவ்வொன்றும் இன்னும் சிலவற்றைக் கூட்டும். வேகம் வேண்டுமென்றால் வாசல்களை மூட வேண்டும். சின்ன ஊருக்குச் சோறு போடுவதோ அந்த வாசல்கள்தான்.

1956-இல் அமெரிக்கா வேகத்தின் பக்கம் சாய்ந்தது. அதிபர் ஐசனோவர் கையெழுத்திட்ட சட்டம் 41,000 மைல் இன்டர்ஸ்டேட் சாலைகளுக்கு, அதாவது மாநிலங்களை இணைக்கும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு, வழி செய்தது. செலவில் 90 சதவீதம் மத்திய அரசுடையது. சிக்னல் கிடையாது, குறுக்குத் தெரு கிடையாது. ஏறவும் இறங்கவும் குறிப்பிட்ட இடங்களில் சரிவுப் பாதைகள் மட்டும்.

அரிசோனாவில் செலிக்மன் என்று ஒரு சின்ன ஊர். 1926-இல் பிறந்த ரூட் 66 நெடுஞ்சாலை, சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலீஸ் போகிறவர்களை அதன் கடைத்தெரு வழியாகவே கூட்டிப்போனது. வேகம் குறைந்தால் காபி ஞாபகம் வரும், பின்சீட்டுப் பையனுக்கு அவசரமாக ஒன்றுக்கு வரும். ஊர் பிழைத்தது இதில்தான். 1978 செப்டம்பர் 22 அன்று இன்டர்ஸ்டேட் 40 ஊருக்கு வெளியே திறந்தது. தள்ளிப்போனது கொஞ்ச தூரம்தான், இறங்க வழியும் இருந்தது. ஆனால் சீராக ஓடும் காரை ஒருவர் மெனக்கெட்டு இறக்கக் காரணம் வேண்டுமே!

அதே ரூட் 66-இல் இருந்த பீச் ஸ்பிரிங்ஸ், டிரக்ஸ்டன், ஹேக்பெரி ஆகிய ஊர்களின் பாடு இன்னும் மோசம். ரயிலுக்கு ஏற்றம் ஆகாது என்பதால் தண்டவாளம் வடக்கே வளைந்து போயிருந்தது. பழைய சாலையும் அதை ஒட்டியே போனது. புல்டோசரும் வெடிமருந்தும் கையில் இருந்தவர்கள் ஏன் வளைய வேண்டும்? இன்டர்ஸ்டேட் போட்டவர்கள் மலையை வெட்டிக் கிங்மன் என்ற ஊர்ப் பக்கம் குறுக்கே போய்விட்டார்கள்.

சரி, வியாபாரம் எங்கே போனது? பெரும்பாலும் சரிவுப் பாதைகளின் அடிவாரத்துக்கு. இறங்குவதா வேண்டாமா என்று ஓட்டுநர் சில நொடிகளில் முடிவெடுக்க வேண்டும். தூரத்திலிருந்தே தெரிகிற உயரமான பலகையில் ஏற்கெனவே பழகிய பெயர் இருந்தால் கை தானாகத் திரும்பும். ஒரே பெயரில் ஊர் ஊராகக் கிளை வைத்திருக்கும் சங்கிலி மோட்டல்களுக்கு (சாலையோர விடுதிகளுக்கு) இது கொண்டாட்டம். ருசி எப்படி இருந்தாலும், பெயர் தெரியாத உள்ளூர் ஓட்டலுக்கு அந்த நொடிகளில் இடமில்லை.

செலிக்மனில் முடிவெட்டும் கடை வைத்திருந்த ஏஞ்சல் டெல்கடியோ 1987-இல் ஆட்களைத் திரட்டி, பழைய ரூட் 66-ஐக் காப்பாற்றச் சங்கம் அமைத்தார். அதே ஆண்டு அரிசோனா அரசு செலிக்மன்–கிங்மன் பாதையை வரலாற்றுச் சாலையாக அறிவித்தது. அப்புறம் சுற்றுலாக்காரர்கள் இன்டர்ஸ்டேட்டை விட்டு இறங்கி, அவருடைய நாற்காலியைப் படம் பிடிக்க வரத் தொடங்கினார்கள்.