ராப் – சொல்லிசை

ராப் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு முதலில் பாட்டோடு எந்த உறவும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது சட்டென்று விழும் அடியைக் குறித்தது. கதவைத் தட்டுவதற்கும் அதே சொல்தான். பிறகு, வெடுக்கென்று ஒன்றைச் சொல்வதையும் குறித்தது. 1960-களில் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பேச்சில் ‘பேசு, உரையாடு’ என்று வழங்கியது. தாளத்தின் மேல் எதுகை போட்டுப் பேசுவது என்ற இன்றைய பொருள், 1970-களில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் எழுந்த ஹிப்-ஹாப்போடு வந்து ஒட்டியது. ‘ரிதம் அண்ட் பொயட்ரி’யின் சுருக்கம்தான் ராப் என்று சொல்வார்கள். அந்த விரிவு பின்னாளில் பொருத்தியது. சொல் அதற்கு முன்பே இருந்தது.

ஹிப்-ஹாப்பும் ராப்பும் ஒன்றல்ல. டிஜே (இசைத்தட்டைச் சுழற்றி இசை கூட்டுவது), பிரேக் டான்ஸ், கிராஃபிட்டி (சுவரோவியம்), ராப் நான்கும் சேர்ந்த பண்பாடு ஹிப்-ஹாப். அதில் வாயால் செய்யும் பகுதியே ராப்.

தமிழில் துள்ளிசை என்று எழுதுவோரும் உண்டு. அது ஆட்டத்தைச் சொல்கிறது, சொல்லை விட்டுவிடுகிறது. சொல்லிசையே பொருந்தும்: சொல் + இசை, தனிக்குறிலை அடுத்த ஒற்று இரட்டித்துச் சொல்லிசை. இலக்கணம் படித்தவர்களுக்குச் சொல்லிசை அளபெடை நினைவுக்கு வரலாம். ‘நசை’ (விருப்பம்) என்ற பெயர்ச்சொல் ‘நசைஇ’ (விரும்பி) என்று அளபெடுத்து வினையெச்சமாவது அது, ராப்போடு தொடர்பில்லாதது.

தமிழில் ராப் எழுதும்போது முதல் சிக்கல் இடம். வழக்கமாக ஒரு பார் என்பது நான்கு தட்டு, ஒரு வெர்ஸ் (சரணம்) 16 பார். பீட்டின் (பின்னணித் தாளத்தின்) வேகம் நிமிடத்துக்கு 90 தட்டு என்றால், ஒரு பாருக்குச் சுமார் 2.67 விநாடி, வெர்ஸுக்கு 43 விநாடி. ஒவ்வொரு தட்டையும் நான்காகப் பிரித்தால் பாருக்கு 16 இடம். மூச்சுக்கு இரண்டு, மூன்று இடம் விட்டால் மிஞ்சுவது 13, 14 இடம்; ஓர் இடத்துக்கு ஓர் ஒலியசை (வந்-து என்பது இரண்டு). ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ ஒன்றே எட்டு இடத்தை விழுங்கிவிடும். ‘வந்துட்டிருக்காங்க’ ஆறில் முடியும். எழுத்துத் தமிழில் எழுதிவிட்டு மைக் முன் திணறுவது இதனால்தான்.

அடுத்த சிக்கல் எதுகை. ஆங்கில ராப்பில் ஒலி ஒத்துப்போவது பெரும்பாலும் பாரின் கடைசித் தட்டில். தமிழ் மரபில் அது இயைபு; எதுகையோ அடியின் தொடக்கத்தில், இரண்டாம் எழுத்தில். தமிழில் வினை கடைசியில் வருவதால் நடக்கிறேன், எடுக்கிறேன், முடிக்கிறேன் என்று இயைபு இலவசமாகக் கிடைக்கிறது. இலவசம் என்பதால்தான் நாலு வரியில் சலிக்கிறது. பேச்சில் வினையை முன்னால் தள்ள இடமுண்டு, அதைப் பயன்படுத்த வேண்டும்:

‘நடக்கிறேன், கண்ணில் ஒரு கட்டம்;
எழுதுறேன், கையில் புதுத் திட்டம்.’

இப்போது நான்காம் தட்டில், ஸ்னேர் டிரம்மின் அடி விழும் இடத்தில் பெயர்ச்சொல் நிற்கிறது. கட்டம், திட்டம் அடியின் கடைசியில் நின்றாலும் இரண்டாம் எழுத்து ஒத்து எதுகை போலவும் ஒலிக்கிறது, இயைபாகவும் ஆகிறது.

மாத்திரையில் கை வைக்கக் கூடாது. பீட்டை நிரப்புவதற்காகக் குறிலை இழுத்தால் மனம் மானமாகும், விடு வீடாகும். இடம் மிஞ்சினால் மௌனமாக விடுவதே மேல்; இல்லையென்றால் சொல்லின் ஈற்றில் இழுக்கலாம்.

கிறிஸ்தவச் சொல்லிசையில் இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. அமெரிக்காவில் ஸ்டீபன் வைலி 1985-இல் வெளியிட்ட ஆல்பம் இந்த வகையின் தொடக்கமாகக் கருதப்படுகிறது. 2013-இல் ராப் பாடகர் லெக்ரே சிறந்த காஸ்பெல் (கிறிஸ்தவப் பாடல்) ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றார். தமிழில் எழுதுவோர் வேதாகமத் தமிழை அப்படியே எடுத்தால் ‘இரட்சிக்கப்பட்டவர்களாயிருக்கிறோம்’ ஒரு பாரை முழுசாய் அடைத்துக்கொள்ளும். ‘மீட்டார்’ இரண்டே இடம். இன்னொரு தொல்லை உச்சரிப்பு: ‘என் பழி சுமந்த பலி’ என்ற வரியில் வேகம் கூடினால் ழகரம் லகரமாக நழுவி இரண்டும் பலியாகிவிடும், வரியின் பொருளே போய்விடும். அத்தகைய வரியை 70 தட்டு வேகத்தில் நாக்குக்குப் பழக்கி, ஐந்தைந்தாக ஏற்றி 90-க்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் ழகரம் நிற்கவில்லையா, இரண்டு சொற்களையும் வேறு வேறு பாருக்குப் பிரித்துவிடுங்கள்.