அந்த அடாப்டரைச் செருகாதீர்கள், ஓம் எண்ணைப் பார்த்து ஆம்ப் வாங்காதீர்கள்

இந்த மாதத்தில் இது மூன்றாவது எரிந்த ஆம்ப். மூடியைக் கழற்றும் முன்பே தெரிந்துவிட்டது. கருகிய ரெசிஸ்டருக்கென்று ஒரு வாடை உண்டு. இருபது வருடமாகச் சாலிடரிங் அயனோடு குடும்பம் நடத்துகிறவனுக்கு அது தாளிப்பு வாடை மாதிரி, அடுத்த வீட்டில் என்றாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும்.

"ரைட் சைடு வரலைங்ணா. நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தான் பாடிட்டு இருந்துச்சு."

கொண்டுவந்தவர் ஐடி வேலையில் இருக்கும் தம்பி. நாற்பதாயிரத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய பேலன்ஸ்டு ஹெட்போன் ஆம்ப், அதாவது ஒவ்வொரு காதின் பிளஸுக்கும் மைனஸுக்கும் தனித்தனி ஆம்ப் உள்ள வகை. பையில் ஒரு சென்ஹைசர் ஹெச்டி 650 ஹெட்போன். அதற்கடியில் நான் தேடிய ஆசாமி: ஒரு முனையில் நான்கு பின் எக்ஸ்எல்ஆர், மறுமுனையில் சாதாரண 6.35 மி.மீ. பின் நுழையும் ஓட்டை. ஐந்நூறு ரூபாய் அடாப்டர்.

"இது எதுக்குங்க?"

"பேலன்ஸ்டுல நாலு மடங்கு பவருன்னாங்கண்ணா. கேபிள் மாத்தணும்னா ஆறாயிரம் சொல்றாங்க. இது ஐந்நூறுதானே..."

ஐந்நூறுதான். அதைச் செருகியதால் நாற்பதாயிரம் போனது.

சாதாரண ஹெட்போன் கேபிளில் இடது காதின் மைனஸும் வலது காதின் மைனஸும் பின்னில் ஒன்றாகச் சேர்ந்துவிடும். சாதா ஆம்பில் அந்த இடம் வெறும் கிரவுண்ட், பிரச்சினை இல்லை. பேலன்ஸ்டு ஆம்பில் அந்த இடம் கிரவுண்டே கிடையாது. அங்கே மைனஸ் என்பதும் ஒரு முழு ஆம்பின் அவுட்புட். அந்த இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டு ஆம்ப்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளும். நடுவில் நிற்கும் பாட்டுக்குரல் ஓடும்வரை இரண்டு மைனஸும் ஒரே மாதிரி ஆடுவதால் சண்டை வராது. வீணை இடதிலும் மிருதங்கம் வலதிலுமாகப் பிரித்த பதிவு ஒன்று வரட்டும், கரண்ட் எகிறும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் ஆம்ப் தானே அணைந்து பிழைக்கும். இல்லையென்றால் என் பெஞ்சுக்கு வரும். 4.4 மி.மீ. பேலன்ஸ்டு பின்னுக்கும் இதே கதைதான். எதிர்த்திசை அடாப்டர், அதாவது பேலன்ஸ்டு கேபிள் உள்ள ஹெட்போனைச் சாதா ஓட்டையில் செருகுவது, ஒன்றும் செய்யாது. இரண்டும் கடையில் பக்கத்துப் பக்கத்து ஆணியில் தொங்குவதுதான் கொடுமை.

தம்பி அந்த அடாப்டரோடு நான்கு நாள் கேட்டிருக்கிறார். கேட்டு, "சவுண்ட்ஸ்டேஜ் அப்படியே விரிந்துவிட்டது, வாத்தியங்கள் தனித்தனியாக நிற்கின்றன" என்று நண்பர்களுக்கு எழுதியும் அனுப்பியிருக்கிறார். போனை நீட்டிப் பெருமையாகக் காட்டினார். சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டேன். இரண்டு மைனஸையும் கட்டிவிட்டால் கணக்குப்படி நடப்பது நேர் எதிர். இடதில் கொஞ்சம் வலது கலக்கும், வலதில் கொஞ்சம் இடது கலக்கும், நடுவோடு ஒப்பிட்டால் ஓரத்துச் சத்தம் பாதியாகும். அந்தச் சவுண்ட்ஸ்டேஜ், அதாவது பாட்டு பரவி நிற்கும் மேடை, சுருங்கியிருக்கிறது. ஆனால் நடுக்குரலின் சத்தம் கூடியிருக்கிறது. சத்தம் கூடியதைத்தான் காது "விரிந்தது" என்று சொல்லியிருக்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. என் காதும் அப்படித்தான்.

சரி, நான்கு மடங்கு பவர் எதற்குத் தேவைப்பட்டது? "300 ஓம் ஆச்சுங்களே. சின்ன ஆம்ப் இழுக்காதுல்ல?"

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. ஓம் கூடினால் ஹெட்போன் கனமான மாடு, பெரிய வண்டிக்காரன் வேண்டும். ஓம் குறைந்தால் கன்றுக்குட்டி, போனே போதும். யார் கிளப்பிவிட்டதோ, வாட்சப்பில் வரும் ஆம்ப் கேள்விகளில் பாதி இதில்தான் தொடங்குகிறது. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெயர்ப்பலகையில் இரண்டு எண் இருக்கும். ஒன்று ஓம், அதாவது மின்தடை. இன்னொன்று சென்சிட்டிவிட்டி, கொடுத்ததற்கு எவ்வளவு சத்தம் தரும் என்பது, டெசிபலில். எவ்வளவு பவர் தின்னும் என்று சொல்வது இரண்டாவது எண். ஓம் சொல்வது அந்தப் பவரை வோல்ட்டாகக் கேட்குமா, கரண்ட்டாகக் கேட்குமா என்பதை மட்டும்.

பேயர்டைனமிக் டிடி 880-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 32, 250, 600 ஓம் என்று மூன்று வகையில் விற்றார்கள். மூன்றுக்கும் 1 மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் என்றே போட்டிருக்கும். சுருளில் கம்பி மெலிந்து சுற்று கூடினால் ஓம் ஏறும், அவ்வளவுதான். 600 ஓமுக்கு வோல்ட் அதிகம், கரண்ட் குறைவு. 32 ஓமுக்குத் தலைகீழ். தின்னும் சோறு ஒன்றே, ஒருவர் கையால் சாப்பிடுகிறார், ஒருவர் கரண்டியால்.

இப்போது இரண்டு ஹெட்போனைப் பக்கத்தில் வைப்போம். ஹெச்டி 650: 300 ஓம், 1 வோல்ட்டுக்கு 103 டெசிபல். ஹைஃபைமேன் சுஸ்வாரா, பல லட்சம் விலையுள்ள பிளேனார் (தட்டையான சவ்வு ஆடும் வகை): 60 ஓம், 1 மில்லிவாட்டுக்கு 83 டெசிபல். இசையின் உச்சத்தில் 110 டெசிபல் தொட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் (அது பயங்கர சத்தம், நினைவில் இருக்கட்டும்) ஹெச்டி 650-க்குத் தேவை சுமார் 2.2 வோல்ட், 17 மில்லிவாட். சுஸ்வாராவுக்கு 5.5 வோல்ட், 500 மில்லிவாட், 90 மில்லிஆம்பியர். ஓம் ஐந்தில் ஒரு பங்கு, பசியோ முப்பது மடங்கு. கன்றுக்குட்டி எது, சொல்லுங்கள்?

போனில் செருகும், 1 வோல்ட் தரும் சாதாரண டாங்கிளிலேயே ஹெச்டி 650 உச்சத்தில் 103 டெசிபலைத் தொட்டுவிடும். இரவில் தனியாகக் கேட்கும் ஒருவருக்கு அதற்கு மேல் வேண்டியதில்லை. தம்பியின் ஆம்ப், சாதா ஓட்டையிலேயே, அவர் தேவைக்குப் பல மடங்கு தரும். அதை நான்கால் பெருக்கத்தான் அந்த அடாப்டர்.

அதற்காக ஆம்பே வேண்டாம் என்று நான் சொன்னதாகப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். சுஸ்வாரா, பழைய ஹெச்இ-6 மாதிரி பிளேனார்களுக்கு நிஜமாகவே தசை உள்ள ஆம்ப் வேண்டும். பவர் போதாமல் உச்சங்கள் வெட்டுப்பட்டால் தவில் அடி மொட்டையாக விழும். அது கற்பனை இல்லை, ஆசிலோஸ்கோப்பில் காட்டலாம்.

வால்வு ஆம்பிலும் நிஜமான வித்தியாசம் உண்டு. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத வகைகளில் அவுட்புட் இம்பீடன்ஸே, அதாவது ஆம்பின் சொந்தத் தடையே, நூறு ஓமைத் தாண்டுவது சகஜம். ஹெச்டி 650-இன் 300 ஓம் என்பது ஒரு பேச்சுக்குத்தான், 100 ஹெர்ட்ஸுக்கு அருகில் அது 500-ஐ நெருங்கும். இரண்டும் சேரும்போது அந்த இடத்தில் பேஸ் சுமார் 1 டெசிபல் தூக்கும். மிருதங்கத்தின் தொப்பி கொஞ்சம் பெருத்துக் கேட்கும். "வால்வுக்கே உரிய வெதுவெதுப்பு" என்று எழுதுகிறார்களே, அதில் ஒரு பகுதி இந்தப் பள்ளிக்கூடக் கணக்கு. எனக்கும் அது பிடிக்கும். ஆனால் அதே ஆம்பில் 32 ஓம் ஹெட்போனை மாட்டினால் முக்கால்வாசிப் பவர் ஆம்புக்குள்ளேயே செத்துவிடும். பிளேனாரில் ஓம் ஏறி இறங்காது, அதனால் அங்கே அந்த வெதுவெதுப்பும் இல்லை.

மற்றபடி, நல்ல இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்களுக்கு நடுவே "இரவும் பகலும் போல" வித்தியாசம் என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: சத்தத்தைச் சமப்படுத்தினீர்களா? வால்யூம் குமிழைக் கண்ணால் பார்த்து வைத்தேன் என்பது பதில் இல்லை. ஹெட்போன் மாட்டிய நிலையில் 200 ஹெர்ட்ஸ் டோனை ஓட்டி, மல்டிமீட்டரால் அளந்து, இரண்டு ஆம்புக்குமான வித்தியாசத்தை 1 வோல்ட்டுக்கு 10 மில்லிவோல்ட்டுக்குள் கொண்டுவாருங்கள். (1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், மலிவு மீட்டர்கள் அங்கே பொய் சொல்லும்.) பிறகு எது எது என்று தெரியாதபடி வேறொருவரை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். என் பெஞ்சில் இதைச் செய்துவிட்டு அமைதியாக டீ குடிக்கப் போனவர்கள் பலர். ஒருமுறை நானே போனேன்.

இன்னொன்று. "ஆம்ப் மாற்றியும் பேஸ் வரவில்லை" என்று வரும் ஹெட்போன்களில் பாதிக்கு நான் செய்யும் வைத்தியம் இயர்பேட் மாற்றுவது. நான்கைந்து வருட வியர்வையில் பேட் தட்டையாகி, டிரைவர் காதை ஒட்டி வந்து, ஓரத்தில் காற்று கசிந்தால் எந்த ஆம்ப் என்ன செய்யும்? மூக்குக்கண்ணாடிக் காம்பே பேஸைத் திருடும்.

இனி, மடமடவென்று:

வெளிநாட்டிலிருந்து அத்தை மகன் கொண்டுவந்த ஆம்பின் முதுகைப் பாருங்கள். 115 வோல்ட் என்றிருந்தால் நம் 230-இல் சொருகாதீர்கள். மாற்றும் சுவிட்ச் இருந்தால் மாற்றிவிட்டுச் சொருகுங்கள், இல்லையென்றால் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். ஹம் சத்தம் வருகிறதென்று எர்த் பின்னை வெட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை. அந்தப் பெட்டி உங்கள் தலையோடு கம்பியால் இணைந்திருக்கிறது ஐயா.

வால்வு ஆம்பை ஆன் செய்யும்போதும் ஆஃப் செய்யும்போதும் ஹெட்போன் கழன்றிருக்கட்டும். பழைய ஆம்ப், கையால் கட்டிய ஆம்ப் எதுவானாலும் முதலில் மீட்டரை டிசியில் வைத்து அவுட்புட்டைத் தொடுங்கள். 50 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் நான் என் ஹெட்போனை மாட்ட மாட்டேன். ஸ்பீக்கர் ஆம்பில் பிளேனார் மாட்டும் வழக்கம் இருக்கிறது. செய்யுங்கள், ஆனால் இடது வலது மைனஸ்கள் தனித்தனியாக வரும் கேபிளில் மட்டும். குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். கெயின் (எத்தனை மடங்கு பெருக்குவது என்ற சுவிட்ச்) எப்போதும் லோவில் தொடங்கட்டும்.

கடைசியாக ஒன்றை அதட்டாமல் கேட்கிறேன். பெரிய ஆம்ப் இரைச்சலின்றிச் சுத்தமாகப் பாடும். சின்ன ஆம்ப் சத்தம் கூடினால் கரகரத்து நம்மைத் தடுத்துவிடும், இது தடுக்காது. 85 டெசிபலில் 8 மணி நேரம் தாங்கும் காது 100 டெசிபலில் 15 நிமிடம்தான் தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கணக்கு. ஹெட்போனைக் கழற்றிய பின் காதில் "கீ" என்று ஒன்று நிற்கிறதா? அன்றைக்குப் போதும், தயவுசெய்து. டிரைவர் எரிந்தால் மாற்றித் தருவேன். காதுக்கு என்னிடம் உதிரி பாகம் இல்லை.

தம்பியின் ஆம்பில் வலது பக்க அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ரெசிஸ்டர்கள் நான்கும் மாற்றினேன். கூலியோடு சேர்த்து பில் கேபிள் விலையைத் தாண்டியது. போகும்போது, "அடாப்டர் எங்கங்ணா?" என்று கேட்டார். இழுப்பறையைத் திறந்து காட்டினேன். மற்ற இரண்டோடு சேர்ந்து அங்கேதான் கிடக்கிறது. திருப்பித் தரவில்லை, அவரும் கேட்கவில்லை.