ஹூனிவர்ஸ்: தமிழில் என்ன சொல்லலாம்?

'டாக்டர் ஹூ' 1963 நவம்பர் 23 அன்று பிபிசியில் தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். அதன் முக்கியப் பாத்திரம் தன்னை 'டாக்டர்' என்று மட்டுமே சொல்லிக்கொள்ளும், பேர் சொல்லாது. கேட்பவர் விடுவாரா? "டாக்டர்னா, எந்த டாக்டர்? யாரு?" என்பார். அந்த 'யாரு'தான் தலைப்பில் உள்ள 'ஹூ'.

இந்தக் கதைகள் நடக்கும் மொத்தப் புனைவுலகுக்கும் ரசிகர்கள் வைத்த பெயர் ஹூனிவர்ஸ். ஒரு தொடரோடு நின்றிருந்தால் இப்படியொரு பெயர் தேவைப்பட்டிருக்காது. நாவல், காமிக்ஸ், ஒலி நாடகம் என்று கதை பரவியது. அப்புறம் 2006இல் 'டார்ச்வுட்' என்ற கிளைத் தொடரும் வந்தது. ('டாக்டர் ஹூ'வின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கினால் 'டார்ச்வுட்' கிடைக்கும். சொல் விளையாட்டு இவர்களுக்குப் பழக்கம்தான்.) ரசிகர்களின் செல்லச் சொல்லாக இருந்ததை, தொடரின் 60ஆம் ஆண்டான 2023இல் பிபிசியே அதிகாரப்பூர்வப் பெயராக எடுத்துக்கொண்டது.

சொல் எப்படிப் பிறந்தது? 'யூனிவர்ஸ்' லத்தீனிலிருந்து வந்தது. 'யூனுஸ்' என்றால் ஒன்று, 'வெர்சுஸ்' என்றால் திரும்பியது. ஒன்றாகத் திரண்டது என்று பொருள். ரசிகர்கள் 'யூ'வைத் தூக்கிவிட்டு 'ஹூ'வை வைத்தார்கள். வேர்ச்சொல்லின் மூட்டில் வெட்டவில்லை, காதுக்கு இசைந்த இடத்தில் வெட்டினார்கள். அதனால் 'ஒன்று' பாதி அறுந்து தொங்குகிறது. லத்தீன் வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். 'பஃபி' தொடரின் ரசிகர்கள் சொன்ன 'பஃபிவர்ஸ்' இன்னும் ஒரு படி மேல். அதில் 'ஒன்று' அடியோடு போய், 'திரும்பியது' என்ற மிச்சம் மட்டுமே உலகம் என்ற பொருளைச் சுமக்கிறது.

சரி, தமிழில்? 'டாக்டர் ஹூ பிரபஞ்சம்' என்றால் பொருள் வந்துவிடும், விளையாட்டு போய்விடும். 'யாருலகு' எனலாம். காட்டையும் மலையையும் 'காடுறை உலகம்', 'மைவரை உலகம்' என்று தொல்காப்பியம் தனித்தனி உலகங்களாகச் சொல்வதால், புனைவுலகுக்கும் 'உலகு' பொருந்தும். ஆனால் 'யாருலகு' என்பது 'இது யாருடைய உலகம்?' என்ற கேள்வி போலவும் ஒலிக்கிறது.

என் தேர்வு 'யாரண்டம்'. 'யூனிவர்ஸ்' தமிழில் பேரண்டம், அதாவது பெரிய அண்டம். 'பே' இருந்த இடத்தில் 'யா' வந்தால் யாரண்டம். ஆங்கிலத்தில் நடந்தது போலவே முதல் ஒலி மட்டும் மாறுகிறது, மீதி அப்படியே நிற்கிறது. 'அண்டம்' வடசொல்தானே என்று கேட்கலாம். ஆமாம், முட்டை என்று பொருள். ஆனால் 'பேரண்டம்' பள்ளிப் பாடம்வரை பழகிவிட்ட சொல். பழகிய சொல்லைத் திரித்தால்தான் குறும்பு புரியும்.

இன்னொரு லாபமும் உண்டு. பேச்சுத் தமிழில் 'பேர்' என்றால் பெயர். பேரை எடுத்துவிட்டு 'யார்' என்று கேட்கிறது இந்தச் சொல். பேர் சொல்லாத டாக்டருக்கு வேறென்ன வேண்டும்!