அழற்சி: 'வீக்கம்' என்று எழுதினால் ஏன் போதாது?

காயம், கிருமி போன்றவற்றை எதிர்த்து உடம்பு காட்டும் 'இன்ஃப்ளமேஷன்' என்பதற்குத் தமிழ் அழற்சி. கோயமுத்தூர், ஈரோட்டுப் பக்கம் பேச்சில் 'வீக்கம்' என்றே சொல்லிவிடுகிறோம். முழங்கால் வலிக்கு அது சரி. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாதத்துக்கான புது மருந்துச் சோதனையின் ஒப்புதல் படிவத்தில் 'வீக்கம் குறைக்கும் மருந்து' என்று எழுதினால், கை ஒதறுகிற பெரியவர் "எனக்கு எங்கீங்க வீங்கியிருக்குது?" என்றுதான் கேட்பார். நியாயமான கேள்வி.

லத்தீனில் 'ஃபிளாம்மா' என்றால் தீச்சுடர். தமிழிலும் அழல் என்றால் தீ. சுழல் சுழற்சி ஆவதுபோல அழல் அழற்சி ஆகிறது. வீக்கம் விளைவு, அழற்சி நடந்துகொண்டிருக்கும் வினை. முதல் நூற்றாண்டில் மருத்துவ நூல் எழுதிய ரோமானியர் செல்சஸ் சொன்ன சிவத்தல், வீக்கம், சூடு, வலி என்ற நான்கு அடையாளங்களில் ஒன்றும் நடுக்குவாதக்காரரிடம் வெளியே தெரியாது. மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும். இறந்த நோயாளிகளின் மூளையில் இதை 1988இல் ஆய்வாளர் மெக்கீர் குழுவினர் காட்டினார்கள். உடலசைவைச் சீராக்கும் டோபமைனைச் சுரக்கிற மூளைச் செல்கள் மடிய இதுவும் ஒரு காரணம் என்று கருதியே அழற்சியைத் தணிக்கும் மருந்துகளைத் தேடுகிறார்கள்.

'மூளையழற்சி' என்று சுருக்கிவிடக் கூடாது; அது என்செபலைடிஸ் என்ற வேறு நோயைக் குறிக்கும். 'நரம்பழற்சி' என்றால் நியூரைடிஸ், அதுவும் வேறு நோய். 'மூளைக்குள் நாட்பட்ட அழற்சி' என்று விரித்து எழுதுவதே தெளிவு.

முதற்கட்டச் சோதனையில் நோய் குறைகிறதா என்று பார்ப்பதில்லை. உடம்பு தாங்குகிறதா என்றுதான் பார்ப்பார்கள். வழக்கமாக எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஆறு பேருக்கு மருந்து, இருவருக்கு மருந்தில்லாத போலி மாத்திரை. ஒரு குழுவின் ரத்தம், கல்லீரல் நொதி, இசிஜி எல்லாம் பார்த்த பிறகே அடுத்த குழுவுக்கு அளவைக் கூட்டுவார்கள். மருந்து மூளையை எட்டியதா என்பது ரத்தத்தில் தெரியாது. அதற்கு இடுப்பில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுக்க வேண்டும்.

2006இல் லண்டனில் நோயெதிர்ப்புச் செல்களைத் தூண்டும் டிஜிஎன்1412 என்ற வேறொரு மருந்தை ஆறு பேருக்குச் சில நிமிட இடைவெளியில் அடுத்தடுத்து ஏற்றினார்கள். ஆறு பேருக்கும் உடம்பெங்கும் அழற்சி மூண்டு, உறுப்புகள் செயலிழந்தன. அதற்குப் பின்தான் முதலில் ஓரிருவருக்கு மட்டும் கொடுத்துக் காத்திருக்கும் முறை அழுத்தம் பெற்றது.

அழற்சி காவலும்கூட. அதை அடக்கினால் கிருமித்தொற்று எளிதாகும். காய்ச்சல்கூடக் காட்டாமல் போகலாம். ஆகவே படிவத்தில் இப்படி எழுதலாம்: 'மூளைக்குள் கனலும் அழற்சியைத் தணிக்கும் மருந்து இது. இப்போது பார்ப்பது பாதுகாப்பை மட்டுமே. சளி, காய்ச்சல், சீழ் எதுவானாலும் அன்றைக்கே சொல்லுங்க.'