டிபி: முகப்புப்படம் வேறு, உருவெளி வேறு

"டிபியில பார்த்த மாதிரி இல்லையே!"

இணையத்தில் மாதக்கணக்கில் பழகிய இருவர் முதன்முறை நேரில் சந்திக்கும்போது வரும் வாக்கியம் இது. சிலர் வாய்விட்டுச் சொல்வார்கள், பலர் மனத்துக்குள் முழுங்கிவிடுவார்கள். ஆனால் பாதி நேரம் அந்த டிபியில் ஆளே இருந்திருக்க மாட்டார். முருகன் இருந்திருப்பார், செம்பருத்திப் பூ இருந்திருக்கும், ஒரு கைக்குழந்தை பல்லில்லாமல் சிரித்திருக்கும். அப்படியானால் எந்த மாதிரி இல்லை என்கிறோம்? படத்தைப் பார்த்தோ பார்க்காமலோ நம் மனம் தானாக ஓர் ஆளைச் செய்து வைத்திருக்கிறது. நேரில் வந்தவரை அந்த ஆளோடுதான் ஒப்பிடுகிறோம். திரையில் இருப்பது ஒன்று, மனத்தில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் 'டிபி' என்ற ஒரே சொல்லில் போட்டு அமுக்குகிறோம். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு.

டிபி வந்த வழி

'டிஸ்ப்ளே பிக்சர்' என்பதன் முதலெழுத்துகளே டிபி. 2003இல் வந்த எம்எஸ்என் மெசஞ்சர் 6ஆம் பதிப்பில் அரட்டைச் சாளரத்தின் ஓரத்தில் ஒரு படம் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. அந்தப் படத்துக்கு அவர்கள் இட்ட பெயர் இது. மெசஞ்சர் போய்விட்டது, பெயர் நம் ஊரிலேயே தங்கிவிட்டது. வாட்ஸ்அப் செயலிக்குள் தேடினால் டிபி என்ற சொல் கிடைக்காது. அங்கே அது 'புரொஃபைல்' படம்தான். இருந்தும் வாட்ஸ்அப்பில் டிபி மாற்றுகிறோம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம்.

'டிஸ்ப்ளே' என்பதற்கு இலத்தீன் மூலத்தில் 'மடிப்பை விரித்தல்' என்று பொருள். ஜவுளிக்கடையில் புடவையை உதறி விரித்து, முந்தானையை மேலே போட்டுக் காட்டுவார்களே, அதுதான். விரித்துக் காட்டுபவர் கறை இருக்கும் பக்கத்தை மேலே போடமாட்டார். அந்த வகையில் டிபி நேர்மையான சொல். 'இது நான்' என்று அது சொல்வதில்லை, 'இதைக் காட்டுகிறேன்' என்று மட்டுமே சொல்கிறது.

ஆனால் தமிழில் எழுதும்போது ஒரு சங்கடம். நம் எழுத்தில் வல்லின ஒலிப்பு வேறுபாடு இல்லாததால், காசநோயைக் குறிக்கும் டிபியும் இதுவும் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. "அவருக்கு டிபி" என்றும் "அவருடைய டிபி" என்றும் எழுதிப் பாருங்கள். ஒரு வேற்றுமை உருபை நம்பி இவ்வளவு பெரிய பொருள் வேறுபாட்டை விடுவது சரியில்லை.

உடன்பிறப்புகள் இரண்டு

'புரொஃபைல்' இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. உருவத்தின் விளிம்பைக் கோடாக இழுத்து வரைதல் என்று பொருள். அதற்குள் நூல், இழை என்று பொருள்படும் இலத்தீன் வேர் இருக்கிறது. பிறகு அது முகத்தின் பக்கவாட்டுத் தோற்றத்துக்கு ஆகி, பழைய காசுகளில் அரசர்கள் ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் தோற்றத்தையும் குறித்து, அங்கிருந்து ஒருவரைப் பற்றிய சுருக்கக் குறிப்பு என்றானது. செயலிகளின் தமிழ்ப் பதிப்புகளில் 'சுயவிவரப் படம்' என்று காண்பது இந்தக் கடைசிப் பொருளை வைத்துச் செய்த மொழிபெயர்ப்பு. சொல் தவறில்லை, நாக்கில்தான் உருளவில்லை. அரசு விண்ணப்பத்தோடு இணைக்கும் படம் போலத் தொனிக்கிறது.

'அவதார்' கதை இன்னும் வேடிக்கை. 'அவதாரம்' என்ற வடசொல்லுக்கு 'கீழே இறங்கி வருதல்' என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போயிற்று. இருநூறு ஆண்டு கழித்து, 1980களின் நடுவில், கணினி விளையாட்டுக்காரர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் கமடோர் 64 கணினிக்காகச் செய்த 'ஹாபிடட்' என்ற பலர் கூடும் உலகில், திரையில் நமக்காக நடமாடும் பொம்மைக்கு இந்தப் பெயர். பிறகு அது பெயருக்குப் பக்கத்தில் நிற்கும் சின்னச் சதுரப் படத்துக்கும் ஆயிற்று. கடைசியில் 'ம்' கழன்று, 'அவதார்' என்று தமிழுக்குத் திரும்பி வந்துவிட்டது. சொந்த ஊருக்கு வந்தும் அடையாளம் தெரியாத ஆள்! தனித்தமிழில் அவதாரத்தைத் 'தோற்றரவு' என்பார்கள். திரையில் அசையும் கேலிச்சித்திரப் பொம்மைக்கு அது பொருந்தும். பாஸ்போர்ட் அளவு நிழற்படத்துக்குக் கொஞ்சம் அதிகம்.

முகப்புப்படம்

டிபிக்கு நேர்ச்சொல்லாக எங்கள் பரிந்துரை முகப்புப்படம். முகப்பு என்றால் வீட்டின் முன்பக்கம். பின்கட்டு எப்படி இருந்தாலும் முகப்புக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவோம். தாலிச் சங்கிலியில் பக்கவாட்டில் கோக்கும் வேலைப்பாடுள்ள வில்லையையும் முகப்பு என்றே சொல்கிறோம். சங்கிலி மெல்லியதாக இருந்தாலும் பார்ப்பவர் கண் முகப்பில்தான் நிற்கும். விரித்துக் காட்டுதல் என்ற மூலப்பொருளுக்கு இதைவிட நெருக்கமான சொல் கிடைப்பது அரிது. ஒரே எச்சரிக்கை: தளங்களின் முதல் பக்கத்தை 'முகப்புப் பக்கம்' என்கிறோம். ஆகவே 'முகப்பு' என்று வெட்டிச் சொல்லாமல் 'முகப்புப்படம்' என்று முழுதாகவே எழுத வேண்டும்.

உருவெளி

இனி மனத்தில் இருக்கும் அந்த ஆள். இவருக்குத் தமிழில் பழைய பெயர் ஒன்று உண்டு. ஒன்றையே இடைவிடாமல் நினைப்பதால் அது கண்முன் நிற்பதுபோல் தோன்றுவதை இலக்கிய மரபு உருவெளி, உருவெளிப்பாடு, உருவெளித்தோற்றம் என்று சொல்லும். காதலில் தவிப்பவர்களுக்கே பெரும்பாலும் இது பேசப்பட்டது.

இதைக் கம்பர் கையாண்ட இடம் இன்றைய அரட்டைக்கு அப்படியே பொருந்தும். இராவணன் அதுவரை சீதையைப் பார்த்ததே இல்லை. சூர்ப்பணகை சொன்ன வருணனை மட்டும்தான் அவனிடம் இருக்கிறது. அதை வைத்தே அவன் கண்முன் ஓர் உருவம் வந்து நிற்கிறது. தங்கையைக் கூப்பிட்டு, நீ சொன்ன சீதை இவள்தானா என்று கேட்கிறான். அவளோ, வந்து நிற்பவன் வல்வில் இராமன் என்கிறாள். நான் பெண்ணுருவைக் கண்டேன், நீ ஆண் என்கிறாயே என்று அவன் திகைக்க, ஆசை கனற்றும் உனக்குப் பார்க்கும் இடமெல்லாம் அவள்தான் தோன்றுவாள், இது பழைய வழக்கம்தான் என்று அவள் விளக்குகிறாள். இருவரும் பார்ப்பது ஒரே வெற்றிடம். அவன் ஆசையைப் பார்க்கிறான், அவள் தன் காயத்தைப் பார்க்கிறாள். எழுத்தில் மட்டுமே தெரிந்த ஒருவரைப் பற்றிப் பத்துப் பேரிடம் கேட்டால் பத்து ஆள் வருவதன் காரணம் இதுவே.

'மனப்பிம்பம்' என்று எழுதுவோர் உண்டு. பிம்பம் என்றால் எதிரில் ஒரு பொருள் இருக்க வேண்டும், இங்கே இல்லை. 'கற்பனை உருவம்' என்றால் வேண்டுமென்றே கற்பித்ததுபோல் ஆகிறது. உருவெளி நாம் கேட்காமலே வருவது.

உருவெளி எதனால் ஆகிறது

தமிழில் இது கட்டாயமாகவே நடக்கிறது. நீயா நீங்களா, அண்ணனா தம்பியா, ஐயாவா அம்மாவா என்று முடிவு செய்யாமல் நம்மால் இரண்டாவது வாக்கியம் எழுத முடியாது. வயதைத் தீர்மானித்தாக வேண்டும், கையில் இருப்பதோ பெயரும் நடையும் மட்டுமே. அண்ணாமலை என்ற பெயருக்கு மனம் உடனே நரை வைக்கும். சந்திப்பிழை இல்லாமல் எழுதுபவருக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிவிடும். "ஐயா, நலமா" என்று இரண்டு வருடம் எழுதிய பிறகு எதிரில் 26 வயதுப் பையன் வந்து நிற்பது இப்படித்தான். 'தோழர்', 'நட்பே' போன்ற விளிகள் இணையத்தில் பெருகியதற்குக் கொள்கை மட்டும் காரணமில்லை. வயது தெரியாதபோது அவை பாதுகாப்பானவை.

குரல் கிடைத்தால் தீர்ந்துவிடும் என்பதும் இல்லை. 1927இல் மான்செஸ்டர் உளவியலாளர் டி. எச். பியர், பிபிசி வானொலியில் ஒன்பது பேரைப் படிக்கவைத்து, பேசியவர் எப்படிப்பட்டவர் என்று ஊகித்து எழுதும்படி நேயர்களைக் கேட்டார். 4,000க்கு மேற்பட்டோர் எழுதினார்கள். முகம் பார்க்காத குரலுக்கு ஆள் செய்வதில் மனிதர்களுக்குத் தயக்கமே இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்களை வருடக்கணக்கில் குரலாக மட்டுமே அறிந்திருந்த தமிழக நேயர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எழுத்தில் பழகும்போது இன்னொன்றும் சேர்கிறது. 1996இல் ஜோசப் வால்தர் என்ற அமெரிக்க ஆய்வாளர் எடுத்துக்காட்டியது அது. எழுதுபவர் யோசித்து, அழித்து, திருத்தித் தன் நல்ல பக்கத்தை அனுப்புகிறார். படிப்பவர் இடைவெளிகளை நல்லதாகவே நிரப்பிக்கொள்கிறார். அந்த மரியாதை பதிலில் தெரிய, முதலாமவர் அதற்கேற்ப இன்னும் செதுக்குகிறார். நேரில் பழகினால் வரக்கூடியதைவிடவும் நெருக்கம் கூடிவிடுவது இதனால்தான்.

முகப்புப்படம் எங்கே பிசகுகிறது

அதிகம் ஏமாற்றுவது முகமல்ல, உயரம். தோள்வரை வெட்டிய படத்தில் அளவுகோல் எதுவும் இல்லை. கதவோ நாற்காலியோ பக்கத்தில் இருந்தால்தான் கண்ணுக்கு உயரம் பிடிபடும்.

அடுத்தது தூரம். கையை மடக்கி எடுக்கும் தற்படத்தில் கேமரா முகத்திலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி இருக்கும். மூக்கு லென்சுக்கு அருகிலும் காது தொலைவிலும் இருப்பதால் மூக்கு பெரிதாகும். 1.5 மீட்டரிலிருந்து எடுத்த படத்தோடு ஒப்பிட்டால் அகலம் ஏறத்தாழ 30 சதவீதம் கூடித் தெரியும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். நேரில் பார்த்து, "படத்துல மூக்கு வேற மாதிரி இருந்துச்சே" என்பவர் பொய் சொல்லவில்லை.

மூன்றாவது இடவலம். நம் முகத்தை நாம் அறிந்தது கண்ணாடி வழியாக, அதாவது இடம்வலம் மாறி. மற்றவர் அறிந்தது நேராக. 1977இல் நடந்த ஒரு சோதனையில் பெண்கள் தங்கள் படத்தில் கண்ணாடித் தோற்றத்தையே அதிகம் விரும்பினார்கள், அவர்களின் தோழிகள் நேர்த்தோற்றத்தை விரும்பினார்கள். முன்கேமரா திரையில் கண்ணாடிபோலவே காட்டும். சில கைப்பேசிகள் அப்படியே சேமிக்கும், சில திருப்பிச் சேமிக்கும். சட்டைப் பை பார்ப்பவருக்கு இடப்பக்கம் வந்திருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

பழைய படம், அழகூட்டும் வடிகட்டி, கல்யாணக் கூட்டத்திலிருந்து வெட்டியெடுத்துப் பக்கத்தில் யாருடையதோ தோள் தெரியும் படம்: இவை விளக்கமே வேண்டாதவை.

நேரில் பார்த்தால் அடையாளம் தெரிகிற படம் வேண்டும் என்றால் செய்ய வேண்டியது குறைவு. வேறொருவர் கையில் கைப்பேசியைக் கொடுத்து, 1.5 மீட்டர் தள்ளி, கண் மட்டத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். அழகூட்டியை அணையுங்கள். ஜன்னல் வெளிச்சம் முகத்தில் விழட்டும், முதுகில் அல்ல. சதுரமாக வெட்டும்போது உச்சந்தலைக்கு மேல் இடம் விடுங்கள். செயலிகள் அதை வட்டமாக்கும்போது சதுரத்தின் பரப்பில் சுமார் 21 சதவீதம் மூலைகளில் போய்விடும். கொண்டையும் காதும் போவது அங்கேதான்.

முகமே வேண்டாம் என்று வைப்பதும் முறைதான், படம் திருடப்படும் என்ற அச்சம் பலருக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, நியாயமானது. வாட்ஸ்அப்பில் தனியுரிமை அமைப்புக்குள் போய், படத்தை எல்லோரும் பார்க்கலாமா, தொடர்பில் இருப்பவர் மட்டுமா, அவர்களிலும் சிலரைத் தவிர்த்தா, யாருமே வேண்டாமா என்று தேர்ந்துகொள்ளலாம். மறுபுறம், மேலதிகாரியின் படத்தை வைத்துக்கொண்டு புதிய எண்ணிலிருந்து அவசரமாகப் பணம் கேட்டு வந்தால் அந்தப் படத்துக்கு எந்த மதிப்பும் இல்லை. பழைய எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் இந்தியாவில் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

முதல் சந்திப்புக்கு "டிபி பாத்தா தெரியும்" என்று சொல்லாதீர்கள். "நீலச் சட்டை, தோள்ல கறுப்புப் பை, டீக்கடைக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன்" என்பது போதும்.

பார்க்காத நண்பர்கள்

பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் பார்க்காமலே நண்பர்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்தி. 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளுக்குப் பரிமேலழகர் காட்டும் எடுத்துக்காட்டும் அவர்களே. அதிகம் பேசப்படாதது அதன் பின்பகுதி. சோழன் இருந்த இடத்துக்குப் பிசிராந்தையார் வந்தபோது அங்கிருந்த சான்றோர் கேட்டது நட்பைப் பற்றி அல்ல, முடியைப் பற்றி! உங்களைப் பற்றிக் கேள்விப்பட்டே பல காலம் ஆயிற்றே, நரை இல்லையே என்றார்கள். பெயரைக் கேட்ட காலத்தைக் கணக்கிட்டு ஒரு கிழவரை அவர்கள் மனத்தில் செய்து வைத்திருந்தார்கள். மனைவி மக்கள், ஏவலர், அரசன், ஊர்ச் சான்றோர் எல்லோரும் நல்லவர்களாக வாய்த்ததுதான் காரணம் என்று அவர் சொன்ன பதில் புறநானூற்றில் 191ஆம் பாட்டு. உருவெளி பொருந்தாமல் போன ஒரு சந்திப்புக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய பதிவுகளில் இதுவும் ஒன்று.

எழுதும்போது

பேச்சில் டிபி இருக்கட்டும், அதைப் பிடுங்க யாராலும் முடியாது. எழுத்தில் வேறுபடுத்தலாம். பத்து வருடப் பழைய படத்தை வைத்திருப்பவரிடம்: "முகப்புப்படத்தை மாற்றுங்கள்." முருகனை வைத்திருந்தவர் குட்டையாக வந்து நின்றால்: "என் உருவெளியில் நீங்கள் உயரம்." முகப்பு + படம் சேரும்போது ப் மிகும், முகப்புப்படம்; முகப்புபடம் பிழை.